எஸ்கலின் டீச்சர் மேல் பெய்த மழை

எங்கள் ஊர் ஆவாரையேந்தலில் அந்த வருஷம் மழை பெய்தது ஒரே ஒரு ஆள் மேல்தான், அந்த ஆள் எஸ்கலின் டீச்சர். ஐப்பசியிலும் வராமல் கார்த்திகையிலும் வராமல் எங்களை அண்ணாந்து பார்க்க வைத்தே கழுத்து வலிக்கச் செய்த அந்த மழை, மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஜன்னலெல்லாம் சாத்திக் கிடந்த வகுப்பறைக்குள், டீச்சருடைய நெற்றியில் கருத்து, கன்னத்தில் இறங்கி, மாம்பழக் கலர்ப் புடவையின் முந்தானையில் ஆறாக ஓடி, கொசுவத்தில் கடலாகத் தேங்கியது. நான் அப்போது மிளகாய்க் களத்தில் இருந்தேன். மூன்றாம் வகுப்புப் படிக்கிற என் மகள் தர்ஷிகா, சத்துணவுத் தட்டோடு ஓடி வந்து, "அம்மா, டீச்சர் மேல மழை பெய்யுது, நிக்கவே மாட்டேங்குது" என்றாள்.

"நனைஞ்சிட்டாகளா?"

"நனையல. பெய்ய மட்டுந்தான் செய்யுது."

நனையவில்லை என்றால் அவசரமில்லை என்று, கூடையில் இருந்த மிளகாயைக் கொட்டிப் பரப்பிவிட்டுத்தான் போனேன். போய்த்தான் ஆக வேண்டும், ஏனென்றால் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நான் தலைவி. பிள்ளை படிக்கிற வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி தலைவியாக இருக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டம் போட்ட அன்றைக்கு நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், அது ஒன்றுதான் என் தகுதி.

தை மாதம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு புரொஜெக்டர் வந்தது. டீச்சர் இருபத்தேழு வருஷமாகச் சாக்பீஸ் பிடித்தவர்கள், அவர்கள் கரும்பலகையில் ஒரு மாட்டை வரைந்தால் சின்னப் பிள்ளைகள் எழுந்து போய் வாலைத் தொட்டுப் பார்க்கும். அதெல்லாம் போதாது, இனி வெளிச்சத்தில் பாடம் நடத்த வேண்டும் என்று டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். ஆசிரியர்கள் நூற்று நாற்பது பேர், மெஷின் ஒன்று. டீச்சர் ஒன்பதாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரிந்ததையும் காதில் விழுந்ததையும் ஒன்று விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார்கள். வந்து, செவ்வாய்க்கிழமை ஜன்னலைச் சாத்தி, மெஷினைப் போட்டு, மழை எப்படி உண்டாகிறது என்கிற படத்தை ஓடவிட்டு, எழுதி வந்தபடியே வெளிச்சத்தின் நடுவில் போய் நின்றார்கள். மணி அடித்தது. மெஷினை அணைத்தார்கள். சுவரில் இருந்த படம் போய்விட்டது, டீச்சர் மேல் இருந்தது போகவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. சாயம் போகுமா என்றுதான் கேட்டார்கள். என்னோடு மிளகாய்ப் பழம் எடுக்கிற ராக்கு அக்கா, கறை என்றால் தனக்கு மிஞ்சி ஆள் கிடையாது என்று கிளம்பி வந்து, சீயக்காயைப் போட்டு, எலுமிச்சம்பழத்தைப் போட்டு, கடைசியில் மண்ணெண்ணெய் நனைத்த துணியாலும் துடைத்துப் பார்த்தது. துணி போகிற இடத்தில் மழை மரியாதையாக விலகிக்கொண்டு, துணி போனதும் திரும்பி வந்து பெய்தது. புடவையை மாற்றினால் புதுப் புடவையிலும் அதே ஆறு, அதே கடல்.

"விடு ராக்கு, பாடந்தானே, அழுக்கா?" என்றார்கள் டீச்சர்.

மறுநாள் ஏழாம் வாய்ப்பாடு போட்டார்கள். சுவரைக் காட்டுவதற்காகத் திரும்பி நின்றதால் அது முதுகில் ஏறிக்கொண்டது. அதற்கடுத்த நாள் மீனின் பாகங்கள், வலது முழங்கையில். வெள்ளிக்கிழமை தமிழ்நாட்டு வரைபடம், இடது தோளிலிருந்து இறங்கிக் கன்னியாகுமரி மணிக்கட்டில் முடிந்தது. மூன்று வாரத்தில் டீச்சரிடம் வெறுந்தோல் என்று உள்ளங்கை மட்டுந்தான் மிச்சம், அதைப் பாடத்துக்குக் கொடுக்காமல் சாப்பிடுவதற்கு வைத்துக்கொண்டார்கள்.

ஊர் இதற்குச் சீக்கிரம் பழகிக்கொண்டது. டீச்சர் சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பெரிய மனுஷர்கள் நாலைந்து பேர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்து, ஏழேழு நாற்பத்தொன்பது வரைக்கும் படித்துவிட்டுத் திரும்பினார்கள். அழுகிற கைப்பிள்ளைகளைத் தாய்மார் கொண்டு வந்து முழங்கை மீனைக் காட்டிச் சோறு ஊட்டினார்கள். ரேஷன் கடை வரிசையில் டீச்சருக்குப் பின்னால் நிற்பதற்குத்தான் போட்டி. துபாயில் மகன் இருக்கிறவர்கள் மட்டும் வரைபடத்தில் துபாய் இல்லையே என்று குறைபட்டுக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க் கோயில் ஃபாதர், "டீச்சர், கோவிச்சுக்காதீங்க, பூசையில முன் பெஞ்சுல உக்காராதீங்க, ஜனங்க என்னைப் பாக்கவே மாட்டேங்குறாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மிளகாய் போட்ட வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, எங்கள் காட்டுப் பக்கம் ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள், அந்த மழை செடிகளின் கண்ணில் படட்டும் என்று கூப்பிட, டீச்சரும் முகம் சுளிக்காமல் வரப்பு வரப்பாக நடந்தார்கள். நானும் கூப்பிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். அந்த வாரம் என் செடியில் நாலு பூ கூடுதலாகத்தான் இருந்தது, அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது.

இப்படியே போயிருக்கும், பரீட்சை வராமல் இருந்திருந்தால்.

மூன்று, நான்கு, ஐந்து என்று மூன்று வகுப்புக்கும் சேர்த்துப் பதினாலு பிள்ளைகள். மழை எவ்வாறு உருவாகிறது என்று ஒரு கேள்வி. பதினாலு பேரும், வரி மாறாமல், மழை டீச்சரின் நெற்றியில் உருவாகி முந்தானை வழியாக இறங்கிக் கொசுவத்தில் கலக்கிறது என்று எழுதியிருந்தார்கள். என் மகள் படமும் போட்டு, சேஃப்டி பின் குத்தின இடத்தில் ஆறு வளைகிறது என்று அம்புக்குறி வேறு வைத்திருந்தாள். யோசித்துப் பார்த்தால் பிள்ளைகள் மேல் தப்பில்லை. மேகமும் ஆறும் கடலும் நடுவில் நின்ற டீச்சர் மேல் விழுந்துவிட, சுவரில் டீச்சர் உயரத்துக்கு ஒரு கறுப்பு நிழலும், ஓரத்தில் கொஞ்சம் வானமும் மட்டுந்தான் இருந்திருக்கிறது.

அன்று டீச்சர் பஸ்ஸுக்குப் போகவில்லை. பள்ளிக்கூடச் சாவியையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார்கள். கன்னத்தில் மழை பெய்துகொண்டிருந்ததால் அழுகிறார்கள் என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வர்ற வெள்ளிக்கிழமையோட சரி, காளீஸ்வரி. நீண்ட விடுப்பு எழுதியாச்சு, அப்படியே விருப்ப ஓய்வு. நாளைக்குக் குழுவுல சொல்லிரு."

டீச்சர் வருவதற்கு முன்னால் எங்கள் பள்ளிக்கூடம் ஒன்றரை வருஷம் பூட்டிக் கிடந்தது. ஒரு பஸ் வந்து ஒரு பஸ் போகிற ஊருக்கு ஆர்டர் வாங்குகிறவர்கள், வாங்கின மறுநாளே வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டுவிடுவார்கள். பதினோரு வருஷமாக வந்துகொண்டிருப்பது இவர்கள் ஒருவர்தான். இவர்கள் போனால் தர்ஷிகா மிளகாய்க் களத்துக்குத்தான் வருவாள், அவள் கை ஏற்கெனவே நல்ல வேகம், அதுதான் எனக்குப் பயம்.

"பரீட்சையில பிள்ளைக தப்பா எழுதுறது புதுசா டீச்சர்?"

"பிள்ளைக தப்பா எழுதல. நான் குடுத்ததை அப்படியே எழுதியிருக்குக. இருபத்தேழு வருஷத்துல எனக்குத் தெரியாததை ஒரு நாள் நடத்துனதில்ல. இப்பப் பதினாலு பேரு மண்டையில தப்பை ஏத்தி வச்சிருக்கேன். இனிமே எந்த மூஞ்சியோட நிக்கிறது?"

"நிக்கிறது இருக்கட்டும். நீங்க ஏன் அந்த வெளிச்சத்துக்குள்ள போயி நிக்கிறீக?"

டீச்சர் கோபத்தோடு பையிலிருந்து பயிற்சி நோட்டை எடுத்துக் காட்டினார்கள். முத்து முத்தான எழுத்தில், ஆசிரியர் வெளிச்சத்தின் நடுவில் நிற்க வேண்டும் என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டிருந்தது. பயிற்சி கொடுத்த கருத்தாளர் குணாளன் சார் இரண்டு நாளும் அங்கேதான் நின்றாராம். ஒரு அங்குலம்கூட நகரவில்லையாம்.

"களத்துல மிளகாயக் காயப்போட்டுட்டு, வெயிலுக்கும் மிளகாய்க்கும் நடுவுல நான் நின்னா, மிளகா காயுமா டீச்சர்? நாந்தான் காய்வேன்" என்றேன்.

"உனக்கென்ன தெரியும்? நீ பயிற்சிக்குப் போனியா?"

"போகல. அந்த சாரைக் கேட்டீகளா?"

டீச்சர் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார்கள். பிறகு, வியாழக்கிழமை அதே மண்டபத்தில் மறுபயிற்சி இருப்பதாகவும், கையெழுத்துப் போடக் கடைசியாக ஒரு தடவை போக வேண்டும் என்றும், பஸ்ஸில் தனியாகப் போகக் கூச்சமாக இருப்பதாகவும் சொன்னார்கள். நான் வருகிறேன் என்றேன். ராக்கு அக்காவிடம் களத்தை ஒப்படைத்தேன். "போ ஆத்தா போ, நீயும் ஒரு வாய்ப்பாட்ட மேல ஒட்டிக்கிட்டு வா" என்று அது வழியனுப்பியது.

டீச்சர் கூச்சப்பட்டிருக்க வேண்டியதே இல்லை. பஸ் ஒவ்வொரு ஊரிலும் நிற்க, ஒவ்வொரு ஊரிலும் ஒரு பாடம் ஏறியது. ஒரு சாருக்கு வழுக்கையில் சூரியனும், அதைச் சுற்றி எட்டுக் கோளும். ஒரு இளம் டீச்சருக்குத் தொண்டை முழுக்க உயிரெழுத்து. இதயம் நெற்றியில் துடிக்கிற ஒருவர் ஜன்னல் பக்கமாகவே முகத்தை வைத்திருந்தார். எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள், பார்த்துவிட்டு வெயில் கடுமையாக இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். கண்டக்டர் மட்டும், "பாடமெல்லாம் உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று விரட்டிக்கொண்டே டிக்கெட் போட்டார்.

மண்டபத்தில் குணாளன் சார் மைக்கைப் பிடித்து நின்றார். சின்ன வயது, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார், அப்படியும் தாடையில் ஒரு வரி தெரிந்தது: பயிற்சியின் நோக்கங்கள். அவர் மெஷினைப் போட, வெளிச்சம் அவர் மேல் விழ, அவர் அங்கேயே நின்று, வேகவேகமாக ஒரு பக்கம், இரண்டு பக்கம், நாற்பது பக்கம் என்று தள்ளிக்கொண்டே போனார். நூற்று நாற்பது பேரும் தலையைக் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவர், "சந்தேகம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றது மண்டபம், ஒரே குரலில், எங்கள் பிள்ளைகள் சொல்கிற அதே ராகத்தில். பயிற்சி எப்படி இருந்தது என்று கேட்கிற தாளில், பயிற்சி முடிவதற்கு முன்னாலேயே எல்லாரும் மிக நன்று என்று டிக் அடித்து வைத்திருந்தார்கள். அது அவர்கள் வழக்கமாம். இத்தனை வருஷத்தில் எந்தப் பயிற்சியிலும் எந்த ஆசிரியரும் சந்தேகம் கேட்டதில்லையாம், கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமாம், சாப்பாடும் தள்ளிப் போகுமாம்.

நான் டீச்சர் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினேன். வேறு வழி தெரியவில்லை. டீச்சர் எழுந்துவிட்டார்கள். எழுந்த பிறகு உட்காரவும் முடியாது.

"சார்... எனக்குத் தெரியல."

நூற்று நாற்பது பேனாவும் நின்றது.

"வெளிச்சம் வரும்போது நான் எங்க நிக்கணும்? நீங்க நின்ன இடத்துல நின்னேன். பிள்ளைக என்னையப் படிச்சிட்டுப் போயிருச்சுக, மழையப் படிக்கல."

குணாளன் சார் மைக்கைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். கழுத்துப் பொத்தானை அவிழ்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் தெரியாது டீச்சர். மைக் வயரு அது வரைக்குந்தான் எட்டுச்சு, அதனால நின்னேன். எனக்கு யாரும் சொல்லித் தரல. முதல் நாள் ராத்திரி செல்போன்ல பாத்துட்டு வந்தேன்."

முதலில் சிரித்தது கோள்கள் சுற்றுகிற அந்த வழுக்கை சார்தான். அப்புறம் மண்டபமே சிரித்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, சிரிக்கச் சிரிக்க, எனக்கும் தெரியாது சார், எனக்கும் தெரியாது டீச்சர் என்று மூலைக்கு மூலை எழுந்து சொன்னார்கள், சொல்லச் சொல்ல, துவைத்துப் பிழியாமல் கொடியில் போட்ட துணியிலிருந்து தண்ணீர் வடிகிற மாதிரி, எஸ்கலின் டீச்சருடைய கொசுவத்திலிருந்து கடல் சொட்டுச் சொட்டாகத் தரையில் இறங்கத் தொடங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பயிற்சி என்று நான் சொல்லுவேன். மைக் வயரைச் சுருட்டி ஓரமாக வைத்தார்கள். மெஷினைத் தூக்கி நடுவில் ஒரு மேஜையில் வைத்து, பத்துப் பத்துப் பேராக வந்து, தொட்டுப் பார்த்து, திருகிப் பார்த்து, படத்தை மங்கலாக்கித் தெளிவாக்கி, எந்தப் பக்கம் நின்றால் நிழல் விழாது என்று அவரவர் காலாலேயே கண்டுபிடித்து, அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார்கள். ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளாக உட்கார்ந்து, "சார், இவன் என்னையக் கிள்ளுறான்" என்றும், "டீச்சர், ஒன்னுக்கு" என்றும் படுத்தி எடுத்தார்கள். படம் எப்போது ஓட வேண்டும் என்பதைவிட எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்குத்தான் சண்டை பலமாக இருந்தது. சாப்பாடு ஆறிப்போயிற்று. கோள்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன, உயிரெழுத்துகள் இறங்கின, இதயம் ஒரு துள்ளு துள்ளிச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. குணாளன் சார் மேலிருந்த நோக்கங்கள் மட்டும் லேசில் போகவில்லை; கடைசி ஆள் மெஷினைத் தொட்டு முடித்த பிறகுதான் போயின.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர், "மழை டீச்சர் எங்க, வரலயா?" என்று டீச்சரிடமே கேட்டார். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. தெளிந்த முகத்தோடு என் பக்கம் திரும்பி, "என் மேல இருந்தது போயிருச்சு காளீஸ்வரி, பிள்ளைக மேல இருக்கிறது போகலயே" என்றார்கள். "எழுதிக் குடுத்தது குடுத்ததுதான். நாளைக்குச் சாவிய வாங்கிக்க."

வெள்ளிக்கிழமை சாவி வாங்கப் போனவள், வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே நின்றேன். ராக்கு அக்காவும் வந்து, என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, சாத்தின ஜன்னல் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தது. உள்ளே டீச்சர் மூலையில், இருட்டில் நின்றார்கள். சுவர் முழுக்க மழைப் படம், இந்தத் தடவை ஓட்டை இல்லாமல்.

"பிள்ளைகளா, நான் உங்களுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்."

"இல்ல டீச்சர், மேகம் உங்க நெத்தியிலதான் வந்துச்சு. நாங்க கண்ணால பாத்தோம்" என்று ஐந்தாம் வகுப்பு மொத்தமும் எழுந்து நின்று டீச்சருக்காக டீச்சரோடேயே சண்டைக்கு வந்தது.

டீச்சர் கொஞ்சம் யோசித்தார்கள். "தர்ஷிகா, நீ போயி வெளிச்சத்துல நில்லு."

கல்யாணம் கட்டிக் கொடுக்க வேண்டிய பிள்ளை, ஆயுசுக்கும் நெற்றியில் மேகத்தோடு அலைந்தால் என்ன செய்வது? அவள் போய் நின்றாள். மேகம் அவள் நெற்றிக்கு வந்தது. பிள்ளைகள் "ஓ" என்று கத்தினார்கள். "இப்ப வெளிய வா" என்றார்கள் டீச்சர். வந்தாள். மேகம் சுவரில் இருந்தது, அவள் நெற்றியில் காலையில் நான் வைத்துவிட்ட பொட்டு மட்டுந்தான் இருந்தது. பிறகு பதினாலு பேரும் வரிசையாகப் போய் நின்று நின்று வந்தார்கள், சின்ன வகுப்பும் அடம்பிடித்துப் போய் நின்று வந்தது. டீச்சர் மெஷினை அணைத்து ஜன்னலைத் திறக்க, நாங்கள் இரண்டு பேரும் சட்டென்று சுவரோடு ஒட்டிக்கொண்டோம்.

"இப்பச் சொல்லுங்க, மழை எங்கருந்து வருது?"

கடல் என்றார்கள், வெயில் என்றார்கள், ஆவி என்றார்கள், ஒருவன் சொன்னதை ஒருத்தி திருத்தினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்போது என் மகளின் குரல் கேட்டது. வீட்டில் வாய் ஓயாதவள், வகுப்பில் கேள்வி கேட்டு நான் பார்த்ததே இல்லை.

"டீச்சர், நம்ம ஊருக்குக் கடலு பக்கத்துலதான இருக்கு? வெயிலும் நெறைய அடிக்குது. அப்புறம் ஏன் நமக்கு மழை வர மாட்டேங்குது?"

எனக்கு டீச்சருடைய முகம் தெரியவில்லை, சாக்பீஸை மேஜையில் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"தெரியலயே தாயி" என்றார்கள் டீச்சர். "எனக்கே தெரியல. பாத்துட்டு வந்து திங்கக்கிழமை சொல்றேன்."

ராக்கு அக்கா என் கையைப் பிடித்து நெரித்தது.

"ஏத்தா, என்ன கிழமைன்னாக?"

"திங்கக்கிழமை."

"திங்கக்கிழமையா?"

"ஆமாக்கா, திங்கக்கிழமை. சத்தம் போடாம வா, மிளகாயைத் திருப்பிப் போடணும்."